சொல்லும் முன்பே உருவாகிவிடும் இதயம்

பெங்களூரு மெட்ரோவின் மஞ்சள் தடம் பொம்மசந்திராவில் முடிகிறது. 2025 ஆகஸ்டில் ரயில் வந்தது. ஆனால் ஓசூர், கிருஷ்ணகிரி பக்கத்துக் குடும்பங்களுக்கு இந்த ஊர் அதற்கும் வெகு முன்பே பழக்கம். பிறந்த குழந்தைக்கு இதயத்தில் ஓட்டை என்று தெரிந்தால் பலரும் கிளம்பி வந்த இடம் இது. டாக்டர் தேவி ஷெட்டி தொடங்கிய நாராயணா ஹ்ருதயாலயா இங்கேதான் இருக்கிறது. அதே வளாகத்தில் மஜும்தார் ஷா புற்றுநோய் மருத்துவமனையும் செவிலியர் கல்லூரியும் உண்டு.

செவிலியர் படிப்பு என்றதும் பதினெட்டு வயதுப் பிள்ளைகள்தான் நினைவுக்கு வருவார்கள். போஸ்ட் பேசிக் பி.எஸ்சி.யிலும் எம்.எஸ்சி.யிலும் படிப்பவர்கள் அப்படியல்ல. டிப்ளமோவோ பட்டமோ முடித்து, வேலை பார்த்து, கல்யாணமும் ஆகி மறுபடி படிக்க வருகிறவர்கள் அதில் நிறையப் பேர். படிப்புக்கு நடுவே நாள் தள்ளிப்போவது அவர்களுக்கு அதிசயமில்லை. அப்போது வீட்டில் பெரியவர்கள் முதலில் சொல்வது, “மூணு மாசம் ஆகட்டும், அதுவரைக்கும் யார்கிட்டயும் சொல்லாதே” என்பதுதான். இந்த வழக்கத்தை நான் குறை சொல்ல மாட்டேன். ஆரம்ப வாரங்களில் கரு தங்காமல் போவது சகஜம், ஊரெல்லாம் சொல்லிவிட்டு அழ வேண்டாம் என்ற கரிசனம் அதில் இருக்கிறது. ஆனால் அந்த மூன்று மாதங்களில் கருவுக்குள் என்ன நடக்கிறது என்பதைக் கவனித்தாக வேண்டும்.

கரு உண்டாகி ஏறத்தாழ 22-ஆம் நாள், வெறும் குழாயாக இருக்கும் இதயம் துடிக்கத் தொடங்குகிறது. 28-ஆம் நாள் வாக்கில், மூளையும் தண்டுவடமும் ஆகப்போகும் நரம்புக்குழல் மூடிக்கொள்கிறது. எட்டாவது வாரம் முடிவதற்குள் இதயத்தின் அறைகளுக்கு நடுவே சுவர் எழும்பிவிடுகிறது. நாள் தள்ளி, பரிசோதனைப் பட்டையில் இரண்டு கோடு பார்க்கும்போதே கருவுக்கு இரண்டு வாரம் தாண்டியிருக்கும். மூன்று மாதம் கழித்து வார்டு இன்சார்ஜிடம் போய்ச் சொல்லும்போது முக்கிய உறுப்புகள் எல்லாம் வடிவம் பெற்று முடிந்திருக்கும். பொம்மசந்திராவின் குழந்தைகள் வார்டில் செவிலியர் மாணவி பார்க்கும் பிறவி இதயக் கோளாறுகள் பெரும்பாலும் உண்டாவது இந்த வாரங்களில்தான். அவற்றில் பெரும்பாலானவற்றுக்குத் தனிக் காரணம் என்று எதையும் சுட்ட முடியாது. எந்தத் தாயும் தன்னை நொந்துகொள்ள வேண்டியதில்லை. ஆனால் காரணம் தெரிந்த சில உண்டு. அவற்றில் ஒன்று மருத்துவமனைக்குள்ளேயே தொற்றக்கூடியது.

1941-இல் ஆஸ்திரேலியக் கண் மருத்துவர் நார்மன் கிரெக், கண்புரையோடு பிறந்த குழந்தைகள் அடுத்தடுத்து வருவதைக் கவனித்தார். பலருக்கு இதயத்திலும் கோளாறு இருந்தது. தாய்மார்களை விசாரித்தபோது, கர்ப்பத்தின் தொடக்கத்தில் ருபெல்லா வந்துபோனது தெரியவந்தது. தாய்க்கு லேசான காய்ச்சலும் தடிப்பும்தான். ஆரம்ப வாரங்களில் தாயிடமிருந்து கருவுக்குக் கிருமி போகும் வாய்ப்பு 90 சதவீதம் வரை. இந்தியாவின் தட்டம்மை - ருபெல்லா தடுப்பூசி இயக்கம் 2017 பிப்ரவரியில் தமிழ்நாடு, கர்நாடகம் உள்ளிட்ட இடங்களில்தான் முதலில் தொடங்கியது. ஒன்பது மாதம் முதல் 15 வயதுக்குட்பட்டவர்களுக்கு அப்போது ஊசி போட்டார்கள். இன்றைக்கு இருபது வயதில் இருக்கும் மாணவிக்குப் பள்ளியிலேயே கிடைத்திருக்கும். 2002-க்கு முன் பிறந்த, மறுபடி படிக்க வந்த அக்காவுக்கு அது கிடைத்திருக்காது. உயிருள்ள கிருமியைப் பலவீனப்படுத்திச் செய்த ஊசி என்பதால் கர்ப்பிணிக்குப் போடுவதில்லை. போட்ட பிறகும் ஒரு மாதம் கர்ப்பம் தவிர்க்க வேண்டும். எனவே கல்லூரியில் சேரும் நாளிலேயே கேட்டுப் போட்டால்தான் உண்டு.

மாணவிகள் அதிகம் பயப்படுவது எக்ஸ்ரேக்கு. ஐசியுவில் நடமாடும் கருவியைத் தள்ளிக்கொண்டு டெக்னீஷியன் வந்ததும் ஆளாளுக்கு விலகுவார்கள். விலகுவது சரிதான். தூரம் இரண்டு மடங்கானால் கதிர்வீச்சு கால் பங்காகக் குறைந்துவிடும். கட்டிலிலிருந்து இரண்டு மீட்டர் தள்ளி நின்றாலே, ஒரு மார்பு எக்ஸ்ரேயிலிருந்து சிதறி வந்து சேரும் அளவு மிகமிகச் சொற்பம். கர்ப்பிணிப் பணியாளரின் கருவுக்கு, தெரிவித்த நாளிலிருந்து பிரசவம் வரை 1 மில்லிசீவர்ட்டைத் தாண்டக் கூடாது என்பது அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் விதி. இயற்கையிலிருந்தே நாம் ஒவ்வொருவரும் ஆண்டுக்குச் சராசரியாக 2.4 மில்லிசீவர்ட் வாங்குகிறோம். கேத் லேப், சிடி அறை விஷயம் வேறு; அங்கே நோயாளியைப் பிடித்துக்கொண்டு நிற்கக் கர்ப்பிணியை அனுப்பவே கூடாது.

யாரும் விலகி நிற்காத ஆபத்து ஒன்று இருக்கிறது: பெட்பான். கீமோதெரபி மருந்து ஏறிய நோயாளியின் சிறுநீரிலும் மலத்திலும் அந்த மருந்தின் மிச்சம் குறைந்தது 48 மணி நேரமாவது வெளியேறிக்கொண்டிருக்கும். பெட்பானைக் கழுவுவதும் நனைந்த விரிப்பை மாற்றுவதும் பெரும்பாலும் யார் தலையில் விழும்? முதல் வருட மாணவியின் தலையில். மருந்துக் குப்பியில் ஊசியைச் செருகி வெளியே இழுக்கும்போது தெறிக்கும் நுண்துளிகளும் அதே ஆபத்துதான். வேகமாகப் பிரியும் செல்களைக் கொல்வதுதான் இம்மருந்துகளின் வேலை, கருவின் செல்களும் அப்படி வேகமாகப் பிரிபவைதான். 1985-இல் பின்லாந்தின் மருத்துவமனைகளில் நடந்த ஆய்வு, முதல் மூன்று மாதங்களில் இம்மருந்துகளைக் கையாண்ட செவிலியர்களிடம் கருச்சிதைவு கூடியிருப்பதைக் காட்டியது. 2012-இல் 7,000-க்கும் மேற்பட்ட அமெரிக்கச் செவிலியர்களை ஆராய்ந்தபோதும் ஏறத்தாழ இரு மடங்கு என்றே வந்தது. பாதுகாப்பு அலமாரிக்குள் மருந்து கலப்பது, இரட்டைக் கையுறை, திரவம் ஊடுருவாத கவுன் ஆகியவை இந்த அபாயத்தை வெகுவாகக் குறைக்கும்.

அடுத்தது நைட் டியூட்டி. டென்மார்க்கில் 22,744 கர்ப்பிணிகளின் பணிப்பதிவேட்டை வைத்து 2019-இல் வந்த ஆய்வில், ஒரே வாரத்தில் இரண்டோ அதற்கு மேலோ இரவுப்பணி பார்த்தவர்களுக்கு, எட்டாவது வாரத்துக்குப் பிறகு, அடுத்த வாரத்தில் கருச்சிதைவு அபாயம் 32 சதவீதம் கூடுதலாக இருந்தது. இரவு வெளிச்சத்தில் மெலடோனின் சுரப்பு குறைவது காரணமாக இருக்கலாம் என்கிறார்கள். தனிப்பட்ட ஒருத்திக்கு இது பெரிய அபாயம் அல்ல. ஆனால் ரோஸ்டரில் சின்ன மாற்றம் செய்தாலே தவிர்க்கக்கூடியது.

இந்தப் பாதுகாப்புகளில் முக்கால்வாசி அவள் வாய் திறந்து சொன்ன பிறகுதான் தொடங்குகின்றன. சொன்னால் என்ன நடக்கும் என்பதுதான் அவள் கவலை. வகுப்பிலும் செய்முறையிலும் 80 சதவீத வருகை, பட்டம் வாங்கும் முன் செய்முறை நேரம் முழுவதும் முடித்திருக்க வேண்டும் என்கிறது இந்திய நர்சிங் கவுன்சில். 2017-இல் வந்த 26 வார மகப்பேறு விடுப்பு வேலை பார்ப்பவருக்குத்தான். கட்டணம் கட்டிப் படிக்கும் மாணவி ஊழியர் கணக்கில் வரமாட்டாள். மாணவிகளுக்கு மகப்பேறு விடுப்பு, வருகைச் சலுகை விதிகளை வகுக்கும்படி 2021 டிசம்பரில் பல்கலைக்கழக மானியக் குழு துணைவேந்தர்களுக்கு எழுதியது. கேரளம் 2023-இல் தன் பல்கலைக்கழக மாணவிகளுக்கு 60 நாள் விடுப்பு அறிவித்தது. எழுதிய விதி கையில் இல்லாத மாணவி, ஒரு வருடம் போய்விடுமோ என்ற பயத்தில் சொல்வதைத் தள்ளிப்போடுவாள். தள்ளிப்போடும் அதே வாரங்களில்தான் இதயம் உருவாகிறது.

ஆகவே பாதுகாப்பு சொல்வதற்காகக் காத்திருக்கக் கூடாது. கையுறையும் கவுனும் எல்லா மாணவிக்கும் முதல் நாளிலிருந்தே வேண்டும். ருபெல்லா, மஞ்சள் காமாலை பி தடுப்பூசி விவரம் சேரும்போதே பதிவாக வேண்டும். கருத்தரிக்கும் முன்பே தொடங்க வேண்டிய ஃபோலிக் அமில மாத்திரையைப் பற்றிக் கல்யாணமான மாணவியிடம் டியூட்டர் வெளிப்படையாகப் பேசலாம். கர்ப்பம் என்று தெரிந்த பிறகு புற்றுநோய் வார்டு போஸ்டிங்கைச் சமூக நல போஸ்டிங்கோடு மாற்றிக்கொடுப்பது சிரமமே இல்லை. விட்டுப்போன நேரத்தைப் பிறகு முடித்துக்கொள்ளலாம். அந்தப் ‘பிறகு’ பிரசவம் முடிந்த கையோடு வந்துவிடக் கூடாது என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும். பல கீமோ மருந்துகள் தாய்ப்பாலிலும் கலக்கக்கூடியவை. பால் கொடுக்கும் மாதங்களிலும் அவளுக்கு வேறு வார்டு வேண்டும்.