நட்டநடுவில் காணாமல் போகும் பேஸ்

அம்பத்தூரில் ஒரு மொட்டைமாடி அறை. நீளம், அகலம், உயரம் மூன்றுமே பத்தடி. லேப்டாப், இரண்டு சின்ன ஸ்பீக்கர், ஒரு பேஸ் கிட்டார். தெரிந்த தம்பி ஒருவர் ராத்திரி ஒரு மணி வரை மிக்ஸ் செய்த பாட்டைக் காலையில் காரில் போட்டால் கதவெல்லாம் அதிர்கிறது. “ரூம்ல பேஸே கேக்கலண்ணே, அதான் ஏத்தினேன்” என்றார்.

கோளாறு காதில் இல்லை, அறையில்.

பேஸ் கிட்டாரின் தடித்த கம்பி நொடிக்கு 41 முறை அதிரும். சென்னைச் சூட்டில் ஒலியின் வேகம் நொடிக்குச் சுமார் 349 மீட்டர். கணக்குப் போட்டால் ஓர் அலையின் நீளம் 28 அடி! அடுத்த கம்பி 55 ஹெர்ட்ஸ். பத்தடி இடைவெளியில் சரியாகப் பாதி அலை அடங்குவது 57 ஹெர்ட்ஸில். அதாவது அந்தக் கம்பிக்குப் பக்கத்திலேயே. அப்போது அலை சுவர்களுக்கிடையே மாட்டிக்கொள்ளும். சுவரோரம் உறுமும், நடுவில் அடங்கிவிடும். மூன்று பக்கமும் ஒரே அளவென்றால் தொல்லையும் மூன்று மடங்கு.

தம்பியை அந்தக் கம்பியை மீட்டச் சொல்லிவிட்டு அறைக்குள் நடந்தேன். மூலையில் நின்றால் நெஞ்சில் இடித்தது. நடுவுக்கு வந்ததும் ஆளைக் காணோம். அவருடைய நாற்காலி அங்கேதான் கிடந்தது.

சுவர் முழுக்க முட்டை அட்டை வேறு ஒட்டியிருந்தார். ஆறு மீட்டர் நீள அலைக்கு அது இருப்பதே தெரியாது. மூலையில் நிமிர்த்தி வைத்த தடித்த பஞ்சுமெத்தை அதைவிடத் தேவலை.

பக்கத்து வீட்டுக்குப் பயந்து சத்தத்தைக் குறைத்ததும் ஒரு காரணம். சத்தம் குறையக் குறைய நம் காது தாழ்ந்த ஒலிகளைத்தான் முதலில் கைவிடும். 1933-லேயே ஃபிளெட்சரும் மன்சனும் இதை அளந்து காட்டிவிட்டார்கள்.

வீட்டு ரெக்கார்டிங் மட்டமென்று சொல்லவில்லை. 1992-இல் வந்த ‘ரோஜா’ பாடல்கள் ரஹ்மான் வீட்டோடு ஒட்டிய ஸ்டுடியோவில் உருவானவைதான். ஆனால் அது ஒலிப்பதிவுக்கென்றே அமைத்த அறை.

கேட்பவர் கையில் இருப்பதோ செல்போன். அதன் ஸ்பீக்கரில் 41 ஹெர்ட்ஸ் வரவே வராது. 82, 123, 164 என்று அதன் மடங்குகள் காதில் விழுந்தால் போதும், அடிச்சுருதியை மூளையே இட்டு நிரப்பிக்கொள்ளும். அதனால் அடியை ஏற்றுவதைவிட, பேஸில் துளி டிஸ்டார்ஷன் கலந்து அந்த மடங்குகளை எடுத்துக்காட்டுவது மேல்.

முதலில் நாற்காலியைச் சுவரிலிருந்து நாலடிக்கு நகர்த்துங்கள். உங்களுக்கு மனப்பாடமான பாட்டு ஒன்றை அதே ஸ்பீக்கரில் போட்டுக் கேளுங்கள். ஈக்வலைசரில் அப்புறம் கை வைக்கலாம்.