அப்பா வயது விமானம்... மகன் வயது பைலட்! பழைய ஜெட்களில் வேலை யாருக்குக் கிடைக்கும்?

பழைய பஸ்ஸை டெப்போவில் ஓரங்கட்டுவதுபோல, வயதான விமானங்களையும் ஓரங்கட்டிவிடுவார்கள் என்றுதான் பலரும் நினைப்பார்கள். பெரும்பாலும் அப்படித்தான் நடக்கிறது. எரிபொருள் செலவும் பராமரிப்புச் செலவும் கையைக் கடிக்க ஆரம்பித்ததும், பாலைவன விமான நிலையத்தில் கொண்டுபோய் நிறுத்தி, பாகம் பாகமாகப் பிரித்துவிடுவார்கள்.

ஆனால், கனடாவின் வடகோடியில் கதையே வேறு. போயிங் நிறுவனம் 1988-லேயே தயாரிப்பை நிறுத்திவிட்ட 737-200 ரக ஜெட்கள் அங்கே இன்னும் வேலை செய்கின்றன. 70-களிலும் 80-களிலும் இந்தியன் ஏர்லைன்ஸில் பறந்தவர்கள் மீனம்பாக்கத்தில் ஏறி இறங்கிய அதே ரகம்தான். இந்த விமானங்களை ஓட்டும் விமானிகளில் பலர், விமானத்தைவிட வயதில் சின்னவர்கள்.

புதுசு இருக்க, பழசு எதற்கு?

கனடாவின் நுனாவுட் பகுதியில் இரும்புச் சுரங்கமும் தங்கச் சுரங்கங்களும் இருக்கின்றன. ஊருக்கு ஊர் சாலை கிடையாது. தொழிலாளர்கள், காய்கறி, இயந்திர உதிரிபாகம் எனப் பலவும் விமானத்தில் வருகின்றன. பல இடங்களில் ரன்வே தார் போட்டதல்ல, சரளைக்கல் பரப்பியது.

இன்றைய 737 விமானங்களின் எஞ்சின்கள் பெரியவை, தரைக்கு மிக அருகில் தொங்குபவை. சரளையில் இறங்கினால் கல்லை உறிஞ்சிக்கொள்ளும். 737-200-ன் ஜேடி8டி எஞ்சின் ஒல்லியானது. போதாததற்கு, இந்த ரகத்துக்கென்றே போயிங் ஒரு 'சரளை கிட்' தயாரித்தது. மூக்குச் சக்கரத்தின் பின்னால் ஒரு தகடு கல்லைத் தடுக்கும். எஞ்சின் வாயில் நீட்டியிருக்கும் குழாய் காற்றைப் பீய்ச்சி, தரையிலிருந்து சுழல்காற்று எழாமல் கலைக்கும். அடிவயிற்றில் தேயாத பெயின்ட் பூசியிருப்பார்கள். பிறகு வந்த எந்த 737 ரகத்துக்கும் இந்த வசதி இல்லை.

மான்ட்ரியலுக்குப் பக்கத்தில் உள்ள மிராபெல் நகரின் நோலினோர் நிறுவனம், இந்த ரக விமானங்களை இயக்குகிறது. பழைய ஜெட்களுக்கு வேறு வேலைகளும் உண்டு. அமெரிக்காவில் டிசி-10 விமானங்கள் காட்டுத்தீயை அணைக்கப் பயன்பட்டிருக்கின்றன. ஒரு நடையில் சுமார் 35,000 லிட்டர் தீத்தடுப்புக் கரைசலைக் கொட்டக்கூடியவை அவை. சரக்கு நிறுவனங்களிலும் பழைய ஜெட்கள் ஓடுகின்றன.

கைதான் கம்ப்யூட்டர்

இப்போதைய விமானத்தின் காக்பிட்டில் பெரிய திரைகள் இருக்கும். 737-200-ல் கண்ணுக்கு முன்னால் வரிசையாக முள் வைத்த வட்ட டயல்கள். எஞ்சினின் சக்தியைத் தானாகக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர் கிடையாது. விமானியே லீவரைத் தள்ளி, டயலைப் பார்த்து, மறுபடி சரிசெய்ய வேண்டும். லீவரைத் தள்ளியதும் எஞ்சின் உடனே வேகமெடுக்காது. சில விநாடிகள் முன்கூட்டியே யோசித்தால்தான் இறங்கும்போது விமானம் கைக்குள் இருக்கும்.

'இதில் ஓட்டப் பழகினால் எதையும் ஓட்டலாம்' என்ற எண்ணம் விமானிகளிடையே உண்டு. அதில் உண்மை இருக்கிறது, ஆபத்தும் இருக்கிறது.

ஒரு மலையும் ஒரு பாடமும்

2011 ஆகஸ்ட் 20. ஃபர்ஸ்ட் ஏர் நிறுவனத்தின் 737-200 ஒன்று, யெல்லோநைஃபிலிருந்து வடக்கே ரெஸொல்யூட் பேவுக்குப் போனது. வட காந்த துருவத்தை ஒட்டிய அந்தப் பகுதியில் சாதாரண திசைகாட்டியை நம்ப முடியாது. கைரோ கருவியை விமானிகளே அவ்வப்போது சரிபார்த்துக்கொள்ள வேண்டும். அன்று அந்தக் கருவி காட்டிய திசையில் பிழை இருந்தது. இறங்கும் நேரத்தில் ஆட்டோபைலட்டும் விமானிகள் கவனிக்காமலே வேறு நிலைக்கு மாறிவிட்டது.

பாதை விலகுகிறது என்று துணை விமானி பலமுறை எச்சரித்தார். கேப்டன் இறக்கத்தைத் தொடர்ந்தார். ரன்வேயிலிருந்து இரண்டு கிலோமீட்டர்கூட இல்லாத ஒரு குன்றில் விமானம் மோதியது. 15 பேரில் 12 பேர் இறந்தனர். இரண்டு விமானிகளுக்கும் நிலைமை பற்றி ஒரே புரிதல் இல்லாமல் போனதை விசாரணை அறிக்கை விரிவாகச் சொன்னது.

விமானம் பழசு என்பதால் மட்டும் அந்த விபத்து நடக்கவில்லை. ஆனால் பழைய காக்பிட்டில் தவறைச் சுட்டிக்காட்டும் திரைகள் குறைவு. பக்கத்து இருக்கைக்காரர்தான் எச்சரிக்கை மணி. அவர் சொல்வதைக் கேட்காத காக்பிட், பழைய விமானத்தில் இன்னும் ஆபத்தானது.

வயது வருடத்தில் இல்லை

விமானத்தின் வயதை வருடக் கணக்கில் மட்டும் பார்க்க மாட்டார்கள். எத்தனை முறை ஏறி இறங்கியது என்பது முக்கியம். ஒவ்வொரு முறை மேலே போகும்போதும் உள்ளே அழுத்தம் ஏறி, விமானத்தின் உடல் பலூன்போல லேசாக உப்பும், இறங்கும்போது சுருங்கும். கம்பியை வளைத்து வளைத்து நிமிர்த்தினால் ஒருநாள் உடைவதுபோல, உலோகமும் சோர்ந்துபோகும்.

1988 ஏப்ரல் 28 அன்று ஹவாயில், அலோஹா ஏர்லைன்ஸின் 737-200 ஒன்றின் கூரை நடுவானில் பிய்த்துக்கொண்டு போனது. அந்த விமானத்துக்கு வயது 19-தான். ஆனால் தீவுக்குத் தீவு குட்டிக் குட்டிப் பயணங்களாக 89,680 முறை பறந்திருந்தது. பணிப்பெண் ஒருவர் இறந்தார். விமானிகள் அதைத் தரையிறக்கி மற்றவர்களைக் காப்பாற்றினார்கள். வயதான விமானங்களுக்கான கடுமையான சோதனை விதிகள் அதற்குப் பிறகுதான் வந்தன.

உள்ளே நுழைவது எப்படி?

இந்தியாவிலும் சரி, கனடாவிலும் சரி, கமர்ஷியல் பைலட் உரிமத்துக்கு 200 மணி நேரப் பறப்பு வேண்டும். கேப்டன் ஆவதற்கான ஏடிபிஎல் உரிமத்துக்கு 1,500 மணி நேரம். உரிமம் கையில் வந்ததும் ஜெட்டில் உட்கார வைத்துவிட மாட்டார்கள். கனடாவின் வடபகுதி நிறுவனங்கள் சிலவற்றில், புதியவர்கள் முதலில் மூட்டை ஏற்றி இறக்கி, பனி வழித்து, பயணிகளுக்குச் சீட்டுப் போட்டுக் காத்திருப்பார்கள். பிறகு சின்ன விமானம், அடுத்து ட்வின் ஆட்டர் போன்ற இரட்டை எஞ்சின் விமானம். ஜெட் எல்லாம் அதற்கப்புறம்தான்.

வெளிநாட்டவருக்கு இன்னும் இரண்டு கதவுகள் உண்டு. அந்த நாட்டில் வேலை செய்யும் உரிமையும், அந்த நாட்டு உரிமமும். இந்திய உரிமத்தை வைத்து நேரடியாக அங்கே வேலைக்குச் சேர முடியாது.

இன்னொரு கவலையும் இருக்கிறது. 2025 நவம்பர் 4 அன்று அமெரிக்காவின் லூயிவில்லில், யூபிஎஸ் நிறுவனத்தின் எம்டி-11 சரக்கு விமானம் ஓடுதளத்தை விட்டு எழும்பும் நேரத்தில் அதன் இடது எஞ்சின் கழன்று விழுந்தது. எஞ்சினை இறக்கையோடு பிடிக்கும் பகுதியில் உலோகச் சோர்வு விரிசல்கள் இருந்ததை முதற்கட்ட விசாரணை காட்டியது. சில நாட்களில் அந்த ரகம் முழுவதையும் பறக்கக் கூடாது என்று நிறுத்திவிட்டார்கள். பழைய ரகத்தை மட்டுமே ஓட்டத் தெரிந்த விமானியின் பிழைப்பு, இப்படி ஒரே உத்தரவில் ஆடிப்போகலாம்.

கையெழுத்துப் போடும் முன்...

வீட்டை அடமானம் வைத்துப் பிள்ளையைப் பைலட் ஆக்கும் குடும்பங்கள் முதலில் கேட்பது, 'சம்பளம் எவ்வளவு?' என்பதுதான். பழைய ஜெட் என்றால் அதற்கு முன் கேட்க வேண்டிய கேள்விகள் இவை.

* விமானம் எத்தனை முறை ஏறி இறங்கியிருக்கிறது? அடுத்த பெரிய சோதனை எப்போது?
* உதிரிபாகம் எங்கிருந்து வருகிறது?
* அந்த ரகத்துக்கான சிமுலேட்டர் பயிற்சி எங்கே, யார் செலவில்?
* துணை விமானி 'வேண்டாம், மேலே ஏற்றுங்கள்' என்றால் கேப்டன் கேட்டாக வேண்டும் என்ற விதி, காகிதத்தில் மட்டும் இருக்கிறதா, நடைமுறையிலும் இருக்கிறதா?
* இந்த ரகம் ஓய்வு பெற்றால், அடுத்த ரகத்துக்குப் பயிற்சி தருவார்களா?

இதற்கெல்லாம் கனடா வரை போக வேண்டும் என்றில்லை. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட புளூ டார்ட் ஏவியேஷன், போயிங் 757 சரக்கு விமானங்களை ஓட்டுகிறது. அந்த ரகத்தின் தயாரிப்பு 2004-லேயே நின்றுவிட்டது. நீங்கள் ஆர்டர் செய்த பார்சல், வயதான ஒரு ஜெட்டில் ராத்திரியோடு ராத்திரியாக வந்திருக்கலாம்.

நன்றாகப் பராமரித்தால் பழைய விமானம் பத்திரமாகவே பறக்கும். அந்தப் பராமரிப்பை ஒழுங்காகச் செய்யும், விமானியின் பேச்சுக்குக் காது கொடுக்கும் நிறுவனம்தானா என்று பார்த்துச் சேருவதுதான் இந்த வேலையின் முதல் தேர்வு.