தடித்த கம்பி எந்தப் பக்கம்?

1960ஆம் ஆண்டு மாடலாக அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த செவ்ரோலே கார்வேர், அந்த நாட்டு வழக்கத்துக்கு மாறான கார். காற்றால் குளிரும் ஆறு சிலிண்டர் எஞ்சின் அதன் பின்பக்கத்தில் இருந்தது. மொத்த எடையில் அறுபது சதவீதத்துக்கு மேல் பின்சக்கரங்கள் சுமந்தன. அந்தச் சக்கரங்களைத் தாங்கியதோ ஸ்விங் ஆக்ஸில் என்ற எளிய அமைப்பு. வேகமாகத் திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரம் உள்நோக்கி மடங்கி, வண்டியின் பின்பாகம் மேலெழும்பிச் சறுக்கும் ஆபத்து அந்த அமைப்பிலேயே உண்டு. இதைத் தணிக்க முன்பக்கத்தில் ஸ்டெபிலைசர் பார் என்ற எஃகுக் கம்பி ஒன்றைப் போட்டிருக்கலாம். நிறுவனம் அதை எல்லா வண்டிகளிலும் பொருத்தவில்லை. முன் டயர்களில் 15 பிஎஸ்ஐ, பின் டயர்களில் 26 பிஎஸ்ஐ காற்று வைத்துக்கொள்ளுங்கள் என்றது. நான்கு டயருக்கும் ஒரே அளவில் காற்றடித்துவிட்டால் அந்தச் சமநிலை போயிற்று.

கார்களின் பாதுகாப்புக் குறைகளைச் சாடி ரால்ஃப் நேடர் 1965இல் வெளியிட்ட ‘அன்சேஃப் அட் எனி ஸ்பீட்’ நூலின் முதல் அத்தியாயமே இந்தக் காரைப் பற்றியதுதான். ஆனால் நூல் வருவதற்கு முன்பே, 1964 மாடலில் முன்பக்க ஸ்டெபிலைசர் பாரும் பின்பக்கக் குறுக்குப் பட்டைவில்லும் எல்லாக் கார்வேர்களிலும் வந்துவிட்டன. 1972இல் அமெரிக்க அரசின் சாலைப் பாதுகாப்பு நிர்வாகம் வெளியிட்ட அறிக்கை, பழைய கார்வேர் கட்டுப்பாடு இழப்பதிலோ கவிழ்வதிலோ அசாதாரணமான வண்டி அல்ல என்றது. அந்த வாதத்தில் யார் பக்கம் நின்றாலும், திருத்தத்தில் ஒரு பாதி எங்கே நடந்தது என்பதைக் கவனியுங்கள். சறுக்கியது பின்பக்கம். கம்பி போட்டது முன்பக்கம்.

ஸ்வே பார், ஆன்டி ரோல் பார் என்றெல்லாம் அழைக்கப்படும் இந்த எஃகுக் கம்பி, ப வடிவில் வளைக்கப்பட்டு இடப்பக்கச் சக்கரத்தின் சஸ்பென்ஷனையும் வலப்பக்கச் சக்கரத்தின் சஸ்பென்ஷனையும் இணைக்கிறது. நடுப்பகுதி ரப்பர் புஷ்களில் உட்கார்ந்திருக்கும். இரு முனைகளிலும் லிங்க்குகள். கனடாவின் ஃப்ரெடெரிக்டன் நகரைச் சேர்ந்த ஸ்டீஃபன் கோல்மன் 1919இலேயே இதற்குக் காப்புரிமை பெற்றுவிட்டார். இரண்டு சக்கரங்களும் ஒரே நேரத்தில் வேகத்தடையில் ஏறினால் கம்பி புஷ்ஷுக்குள் சும்மா சுழலும். அதற்கு வேலையே இல்லை. வளைவில் கார் ஒருபக்கம் சாயும்போது ஒரு முனை மேலேயும் மறுமுனை கீழேயும் போக, ஈரத்துணியைப் பிழிவதுபோல் கம்பி முறுக்கிக்கொள்கிறது. முறுக்கை எதிர்க்கும் அந்த விசைதான் சாய்வைக் குறைக்கிறது.

சாய்வு குறைந்தால் கார் நன்றாகத் திரும்பும், ஆகவே கம்பி தடிக்கத் தடிக்க நல்லது என்று கார் ஆர்வலர்கள் பலர் நம்புகிறார்கள். பிழை இங்கேதான் தொடங்குகிறது.

1,200 கிலோ எடையுள்ள காரை எடுத்துக்கொள்வோம். அதன் ஈர்ப்பு மையம் தரையிலிருந்து 55 செ.மீ. உயரத்தில் இருக்கிறது. இடவலச் சக்கரங்களுக்கு இடையே 1.5 மீட்டர். புவியீர்ப்பில் 0.7 மடங்கு பக்கவாட்டு முடுக்கத்தில் அது வளைவில் திரும்பினால், ஏறத்தாழ 308 கிலோ சுமை உள்பக்கச் சக்கரங்களிலிருந்து வெளிப்பக்கச் சக்கரங்களுக்கு மாறும். எடை, உயரம், அகலம், முடுக்கம் ஆகிய நான்கும்தான் அந்தக் கணக்கில் வருகின்றன. கம்பி வரவே இல்லை. எவ்வளவு தடித்த கம்பி போட்டாலும் மொத்தச் சுமை மாற்றம் ஏறக்குறைய அதேதான். அதில் முன் அச்சு எவ்வளவு ஏற்க வேண்டும், பின் அச்சு எவ்வளவு ஏற்க வேண்டும் என்ற பங்கீட்டைத்தான் கம்பி மாற்றுகிறது. எந்தப் பக்கம் விறைப்பாக இருக்கிறதோ அந்தப் பக்கம் அதிகம் ஏற்கும்.

அதிகம் ஏற்பதால் என்ன கெடுதல்? விடை டயரில் இருக்கிறது. டயர் மீது சுமை இரட்டித்தால் பிடிமானம் இரட்டிப்பதில்லை. சற்றுக் குறைவாகவே கூடுகிறது. விளக்கத்துக்காகச் சில எண்களை வைத்துக்கொள்வோம். ஓர் அச்சின் இரு டயர்களிலும் தலா 300 கிலோ இருக்கும்போது, ஒவ்வொன்றும் சுமையில் 90 சதவீதம் பிடிமானம் தருகிறது: மொத்தம் 540 கிலோ. வளைவில் 100 கிலோ மாறி 400, 200 என்றானால், கனத்த டயரின் திறன் 85 சதவீதமாக இறங்கும். இலேசான டயருடையது 95 ஆக ஏறும். மொத்தம் 530. இன்னும் 100 கிலோ மாறி 500, 100 என்றானால்? திறன் 80 சதவீதமும் 100 சதவீதமும், மொத்தம் 500தான். முதல் 100 கிலோவுக்குப் பத்து கிலோ பிடிமானம் போயிற்று. அடுத்த 100 கிலோவுக்கு முப்பது. வெளிடயருக்குக் கிடைப்பதைவிட உள்டயர் இழப்பது எப்போதும் அதிகம்.

ஆக, தடித்த கம்பி போட்ட பக்கம் பிடிமானத்தை முதலில் இழக்கும். முன்பக்கம் விறைத்தால், ஸ்டியரிங்கைத் திருப்பியும் கார் வளைவின் வெளிப்பக்கமாக விரிந்து போகும், அது அண்டர்ஸ்டியர். பின்பக்கம் விறைத்தால் பின்பாகம் வெளியே வீசும், அது ஓவர்ஸ்டியர். கார்வேரின் முன்பக்கக் கம்பி முன் டயர்களின் பிடிமானத்தைக் கொஞ்சம் குறைத்து, பின் டயர்களுக்கு இடையிலான சுமை மாற்றத்தை லேசாக்கியது. கம்பி பிடிமானத்தைத் தருவதில்லை. கார் எல்லையைத் தொடும்போது எந்த முனை முதலில் விட்டுக்கொடுக்கும் என்பதை அது முடிவு செய்கிறது.

இதற்கு ஒரு விலக்கு உண்டு. அதையும் சொல்லாமல் விடக்கூடாது. மெக்ஃபர்சன் ஸ்டிரட் வகை சஸ்பென்ஷன் உள்ள முன்பக்கத்தில் கார் மிகவும் சாய்ந்தால் வெளிடயரும் கூடவே சாய்ந்து, ஓரத்தில் மட்டும் தரையை அழுத்தும். அப்படிப்பட்ட காரில் முன்கம்பியைச் சற்றுத் தடிப்பாக்கினால் டயர் நிமிர்ந்து நின்று முன்பிடிமானம் கூடவும் செய்யலாம். அதனால்தான் மாற்றுவதற்கு முன் அந்தக் குறிப்பிட்ட காரின் அமைப்பைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

இனி அளவு. கம்பியின் விறைப்பு அதன் விட்டத்தின் நான்காம் அடுக்கில் ஏறுகிறது. 20 மி.மீ. கம்பியை 22 ஆக்கினால் பத்து சதவீதம்தான் தடித்தது. விறைப்போ 46 சதவீதம் கூடிவிட்டது. 24 ஆக்கினால் இரண்டு மடங்கைத் தாண்டும். இதே கணக்கின் மறுபக்கம் அழகானது: விட்டத்தில் பாதி அளவுக்குக் கம்பியின் நடுவைத் துளைத்தால் எடையில் 25 சதவீதம் குறைகிறது, விறைப்பில் ஆறு சதவீதத்துக்குச் சற்று மேல்தான் போகிறது. உள்ளீடற்ற கம்பிகள் வந்த காரணம் அதுவே. சில கம்பிகளின் முனையில் இரண்டு மூன்று துளைகள் இருக்கும். லிங்க்கை உட்துளைக்கு மாற்றி 200 மி.மீ. நெம்புகோல் நீளத்தை 180 ஆக்கினால் விறைப்பு 23 சதவீதம் ஏறும். மாற்றிப் பார்த்துத் தேர்வு செய்ய இதைவிட நல்ல வழி இல்லை.

நாம் ஓட்டும் சிறிய கார்களில் மிகப் பெரும்பாலானவை முன்சக்கர இயக்கம் கொண்டவை. எஞ்சின் பாரமும் இழுக்கும் வேலையும் திருப்பும் வேலையும் முன் டயர்கள் மீதே. ஆகவே அவை இயல்பாகவே அண்டர்ஸ்டியர் பக்கம் சாய்ந்தவை. அத்தகைய காரில் பின்கம்பியைத் தடிப்பாக்கினால் முன்பக்கச் சுமை மாற்றம் குறையும், உள்பக்க முன்சக்கரம் தரையை விடாமல் இழுக்கும், கார் கூர்மையாகத் திரும்பும். ஆனால் பல கார்களின் பின்பக்கத்தில் தனிக் கம்பியே கிடையாது. 1974இல் வந்த ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் முதல் பரவிய முறுக்குச் சட்ட (டார்ஷன் பீம்) அச்சில், இரு சக்கரங்களையும் இணைக்கும் குறுக்குச் சட்டமே முறுகி இந்த வேலையைச் செய்கிறது. பின்சக்கர இயக்கக் கார்களில் கணக்கு தலைகீழ். அங்கே பின்கம்பியைத் தடிப்பாக்கினால் உள்பக்கப் பின்சக்கரம் சுமை இழந்து வெறுமனே சுற்றும். முன்கம்பியில் தொடங்குவதே முறை.

தயாரிப்பாளர்கள் வேண்டுமென்றேதான் கார்களைக் கொஞ்சம் அண்டர்ஸ்டியருடன் விடுகிறார்கள். முன்பக்கம் விரிந்து போனால் பெரும்பாலான ஓட்டுநர்கள் இயல்பாகவே ஆக்ஸிலரேட்டரை விடுவார்கள், கார் அடங்கும். பின்பக்கம் வீசும்போதோ, காலை எடுத்தால் நிலைமை மோசமாகும். மழையில் இது இன்னும் கூர்மையடையும். பந்தயக்காரர்கள் ஈரத்தடத்தில் கம்பிகளைத் தளர்த்துவதும் கழற்றுவதும் அதனால்தான்.

கரடுமுரடான சாலையில் வேறொரு விலை இருக்கிறது. ஒரு சக்கரம் மட்டும் பள்ளத்தில் இறங்கும்போது தடித்த கம்பி அந்த அதிர்ச்சியை மறுசக்கரத்துக்கும் கடத்தும். உள்ளே இருப்பவரின் தலை இடவலமாக ஆடும். பாறைத் தடங்களில் சக்கரம் தாராளமாக இறங்க வேண்டும் என்பதற்காக, ஜீப் ரேங்லர் ரூபிகானில் பொத்தானை அழுத்தினாலே முன்கம்பி துண்டிக்கப்படும்.

உங்கள் கார் வளைவில் அதிகம் சாய்வதாகத் தோன்றினால் புதுக்கம்பி தேடுவதற்கு முன் டயர்களின் வயதையும் காற்றழுத்தத்தையும் பாருங்கள். சிறு பள்ளங்களில் கடகடவென்று சத்தம் வந்தால் புஷ்ஷும் லிங்க்கும் தேய்ந்திருக்கலாம். அவற்றை மாற்றினாலே பழைய இறுக்கம் திரும்பும். அதன் பிறகும் மாற்ற விரும்பினால், முன்னும் பின்னும் ஒரே நாளில் மாற்றாதீர்கள். ஒரு பக்கம், 2 மி.மீ.க்கு மேல் போகாமல் மாற்றுங்கள். சஸ்பென்ஷன் தெரிந்த மெக்கானிக்கின் கையால் பொருத்துங்கள். வாரன்ட்டி, காப்பீடு நிபந்தனைகளையும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். எல்லையைச் சோதிப்பது மூடிய தடத்தில் மட்டும் இருக்கட்டும். குடும்பத்தோடு மழையில் மலையேறும் காருக்குத் தடித்த பின்கம்பி வேண்டாம்.