தொலைந்த எபிசோடுகளும் ரசிகனின் சங்கடமும்

பழைய 'டாக்டர் ஹூ' எபிசோடுகளைப் பற்றி எழுதப்போகிறேன் என்றதும் நண்பரொருவர், "அட்டை செட்டு, ரப்பர் மாஸ்க்கு... இதுல எழுத என்னய்யா இருக்கு?" என்று கேட்டார். செட் அட்டைதான். மாஸ்க் ரப்பர்தான். அதில் தகராறு ஒன்றுமில்லை. ஆனால் வெகுஜனத் தொடரின் ரசிகனை மூளையில்லாத நுகர்வோன் என்று ஒதுக்கிவிட்டு, 'சீரியஸ்' படைப்புக்கு மட்டுமே வாசகன் உண்டு என்று நினைக்கிற நம் பழக்கத்தோடு எனக்குத் தகராறு உண்டு. ரசிகனை அப்படியே தூக்கிக் கொண்டாடவும் உத்தேசமில்லை. நானே ரசிகன் என்பதால் அதன் கோளாறுகளும் கொஞ்சம் தெரியும்.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக: 1963 நவம்பர் 23 அன்று, அமெரிக்காவில் கென்னடி சுடப்பட்டதற்கு மறுநாள், பி.பி.சி.யில் தொடங்கிய தொடர் இது. போலீஸ் டெலிபோன் பெட்டி வடிவிலான ஊர்தியில் காலத்திலும் விண்வெளியிலும் அலைகிற, டாக்டர் என்று மட்டுமே அழைக்கப்படுகிற ஒருவர். கூடவே சில துணைகள். நடிகருக்கு உடம்பு முடியாமல் போனபோது பாத்திரமே உடல் மாறுவதாகக் கதை பண்ணினார்கள். 1966இல் வில்லியம் ஹார்ட்னெல் போய் பேட்ரிக் ட்ரவ்டன் வந்தார். இந்த ஏற்பாட்டின் புண்ணியத்தில் தொடர் 1989 வரை ஓடியது. 2005இல் மறுபடி தொடங்கியது. 1989 வரையிலானதைத்தான் ரசிகர்கள் 'கிளாசிக்' என்கிறார்கள்.

இந்த கிளாசிக்கின் முதல் ஆறு சீசன்களில் 253 எபிசோடுகள். வீடியோ டேப் விலை கூடுதல். அழித்துவிட்டு மேலேயே பதியலாம். நடிகர் சங்கத்தோடு செய்த ஒப்பந்தப்படி மறு ஒளிபரப்புக்குக் கட்டுப்பாடு. கலர் வந்தபிறகு கறுப்பு வெள்ளைக்கு மவுசு இல்லை. ஆக, 1967 தொடங்கி பி.பி.சி. தன் டேப்புகளைத் தானே அழித்தது. வெளிநாடுகளுக்கு விற்க எடுத்த ஃபிலிம் பிரதிகளையும் 1970களில் குப்பையில் போட்டது. தொண்ணூறுக்கும் மேற்பட்ட எபிசோடுகள் இன்றைக்கும் இல்லை. இதில் வில்லத்தனம் எதுவுமில்லை, அலமாரியில் இடம் வேண்டும் என்ற கணக்குதான். காப்பகம் என்பது எதைச் சேர்ப்பது என்பதைவிட எதை எறிவது என்று முடிவெடுக்கிற அதிகாரம். இதற்கு ஃபூக்கோவைப் படிக்க வேண்டும் என்பதில்லை, ரெக்கார்ட் ரூம் குமாஸ்தாவைக் கேட்டாலே சொல்வார்.

படம் போனது, ஒலி போகவில்லை. வீட்டு வீடியோ ரெக்கார்டர் கிடையாத காலத்தில், டி.வி. ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் மைக்கை வைத்து, டேப் ரெக்கார்டரில் பதிந்த பையன்கள் இருந்தார்கள். சிலர் ஸ்பீக்கரிலிருந்தே ஒயர் இழுத்தார்கள். இவர்கள் தயவில் தொலைந்த எபிசோடு ஒவ்வொன்றுக்கும் ஒலிப்பதிவு இருக்கிறது. ஜான் குரா என்ற புகைப்படக்காரர் நிகழ்ச்சி ஓடும்போதே திரையைப் படமெடுத்து, அதில் வேலை செய்தவர்களுக்கு விற்றுவந்தார். பல எபிசோடுகளுக்கு அந்தச் சின்னப் படங்கள்தான் இன்று முகம். இதைவிட வேடிக்கை ஆஸ்திரேலியத் தணிக்கை. ஆகாது என்று அவர்கள் வெட்டியெடுத்த துண்டுகள் அரசுக் காப்பகத்தில் பத்திரமாகக் கிடந்தன. 1996இல் ரசிகர்கள் அவற்றைத் தேடிக் கண்டுபிடித்தார்கள். எபிசோடு இல்லை, எதைக் காட்டக்கூடாது என்றார்களோ அது மட்டும் இருக்கிறது. குண்டலகேசியை மறுக்க எழுந்த நீலகேசியின் உரை வழியாகத்தான் குண்டலகேசிப் பாடல்கள் பல நமக்குக் கிடைத்தன என்பதைத் தமிழ் எம்.ஏ.வில் மனப்பாடம் செய்தவனுக்கு இது அவ்வளவு ஆச்சரியமில்லை.

நாம் 'பிரதி', 'பிரதி' என்று எழுதித் தள்ளுகிறோம். மூலம் என்று ஒன்று இல்லை, பிரதிகளே உண்டு என்று வாதிடுகிறோம். இங்கே அது வாதமில்லை, நடந்த சமாச்சாரம். ஹென்றி ஜென்கின்ஸ் 1992இல் வெளியான தன் புத்தகத்தில், மிஷெல் த செர்த்தோவிடமிருந்து ஒரு படிமத்தை எடுத்துக்கொண்டு, ரசிகர்களை அடுத்தவன் காட்டில் திருட்டு வேட்டையாடுகிறவர்கள் என்றார். நிலம் அவர்களுடையதல்ல, ஆனால் வேண்டியதைப் பிடித்துக்கொண்டு போவார்கள். நல்ல படிமம்தான். ஆனால் இந்தக் கதையில் பண்ணையார் தன் காட்டைத் தானே கொளுத்திவிட்டார். திருடிப்போனவன் வீட்டில் இருந்ததுதான் மிச்சம்.

அதே 1992இல்தான் 'தி டூம் ஆஃப் தி சைபர்மென்' திரும்பிவந்தது. 1967 செப்டம்பரில் நான்கு வாரம் ஓடிய கதை. அப்போது பார்த்தவர்கள், இதற்கு ஈடு இணை கிடையாது என்று கால் நூற்றாண்டாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். பார்க்காதவர்களுக்கு 1978இல் வந்த நாவல் வடிவம் இருந்தது. அதாவது ஒரு தலைமுறை இதைப் பார்த்து ரசிக்கவில்லை, படித்தும் கேட்டும் ரசித்தது. ஹாங்காங் தொலைக்காட்சி நிலையம் ஒன்றில் நான்கு ஃபிலிம் சுருள்களும் அகப்பட்டன. அந்த ஆண்டே வீடியோ கேசட்டாக விற்பனைக்கு வந்தது. பார்த்த ரசிகர்களில் கணிசமானவர்கள் திகைத்துப்போனார்கள். அவர்கள் மனதில் ஓடிக்கொண்டிருந்த படம் இதைவிட நன்றாக இருந்தது!

நான் பார்த்தது ரொம்பப் பிற்பாடு, இந்தப் புகழ், ஏமாற்றம் இரண்டையும் படித்துவிட்டு. சைபர்மென் என்பவர்கள் உறுப்புகளை ஒவ்வொன்றாக மாற்றி, கடைசியில் உணர்ச்சியையும் வெட்டியெறிந்துவிட்ட மனித இனம். உருவாக்கியவர்களில் ஒருவரான கிட் பெட்லர் மருத்துவ ஆராய்ச்சியாளர். பனிக்கல்லறையில் தேன்கூடு மாதிரி அடுக்கடுக்கான அறைகள். மெல்லிய தாளைக் கிழித்துக்கொண்டு அவர்கள் ஒவ்வொருவராக இறங்கி வருகிற இடத்தில் எனக்கு நிஜமாகவே வயிறு கலங்கியது. அட்டை செட்டு என்பதெல்லாம் அப்போது ஞாபகத்துக்கு வரவில்லை. இன்னொரு காட்சி: தகப்பனைச் சமீபத்தில் இழந்த விக்டோரியா என்ற பெண்ணிடம், தன் குடும்பத்தின் நினைவு தனக்குள் தூங்கிக்கொண்டிருக்கிறது, வேண்டும்போது எழுப்பிக்கொள்வேன் என்கிறார் டாக்டர். ட்ரவ்டன் அதைக் கிட்டத்தட்ட முணுமுணுப்பாகச் சொல்கிறார். கல்லறைக்குள் தூங்குகிறவர்களைப் பற்றிய கதையில் இப்படி ஒரு தூக்கம். இதற்காகவே அந்தக் கறுப்பு வெள்ளைக் குப்பையைக் கிளறலாம்.

பிறகு டோபர்மன். அகழ்வாய்வுக் குழுவுக்குப் பணம் போடுகிற காஃப்டன் என்ற பெண்ணின் வேலைக்காரன். பெரிய உடம்பு, கறுப்பன், பேச்சு அநேகமாகக் கிடையாது. காது கேளாதவனாகத்தான் பாத்திரம் முதலில் யோசிக்கப்பட்டதாம். அந்தக் காரணம் கதையிலிருந்து போய்விட்டது, ஊமைத்தனம் மட்டும் தங்கிவிட்டது. காஃப்டனும் அவள் கூட்டாளி கிளீகும் அந்நிய உச்சரிப்பில் பேசுகிற சதிகாரர்கள். கிளீகாக வருகிற ஜார்ஜ் பாஸ்டெல் சைப்ரஸில் பிறந்தவர், 1959இன் 'தி மம்மி' படத்தில் எகிப்திய வில்லன். டோபர்மனாக வருகிற ராய் ஸ்டூவர்ட் ஜமைக்காவில் பிறந்தவர். 1971இல் இதே தொடரில் சர்க்கஸ் பலசாலியாக மறுபடியும் வருகிறார். உடம்பு மட்டும் வேண்டியிருந்திருக்கிறது.

சைபர்மென் டோபர்மனைப் பிடித்து, பாதி இயந்திரமாக மாற்றுகிறார்கள். ஏற்கெனவே விருப்பு வெறுப்பில்லாத உடம்பாக நடத்தப்பட்டவன்தான் முதலில் அகப்படுகிறான் என்பதைப் பிரதி தன்னை அறியாமலே ஒப்புக்கொள்கிறது. எஜமானி செத்துக் கிடப்பதைக் காட்டி, நீ இவர்களுடைய அடிமையல்ல என்று டாக்டர் அவனை எழுப்புகிறார். அவன் சைபர்மென் தலைவனோடு மோதுகிறான். கடைசியில் மின்சாரம் பாய்கிற கல்லறைக் கதவைத் தன் உடம்பால் தள்ளி மூடிச் சாகிறான். அதற்கு முன் காஃப்டனுக்கு அவன் என்னவாக இருந்தான் என்று நான்கு எபிசோடில் ஒருவர்கூடக் கேட்பதில்லை. இயந்திரத்தின் அடிமைத்தனம் பயங்கரம், பெட்டி தூக்குகிற அடிமைத்தனம் சாதாரணம்.

இதை எடுத்தால் ரசிகர்கள் வழக்கமாகச் சொல்லும் பதில், "அந்தக் காலம் அப்படி." நானும் சொல்லியிருக்கிறேன். பார்க்கிற சந்தோஷத்தைக் காப்பாற்றிக்கொள்ள இதைவிடச் சுலபமான வழி கிடையாது. ஆனால் அந்தக் காலம் என்பது யாருடைய காலம்? வெள்ளைக்காரர்கள் முகத்தில் கரி பூசிக்கொண்டு பாடுகிற 'தி பிளாக் அண்ட் ஒயிட் மின்ஸ்ட்ரெல் ஷோ'வை அப்போது பி.பி.சி. ஒளிபரப்பிக்கொண்டிருந்தது. அதை நிறுத்தச் சொல்லி, இனப் பாகுபாட்டுக்கு எதிரான பிரச்சார இயக்கம் பி.பி.சி.க்கு மனு கொடுத்ததும் இதே 1967இல்தான். நிகழ்ச்சி 1978 வரை ஓடியது என்பது வேறு விஷயம். எதிர்த்தவர்களும் அந்தக் காலத்து ஆட்கள்தானே? 'காலம் அப்படி' என்று சொல்லும்போது மனுவில் கையெழுத்துப் போட்டவர்களை நாம் காலத்திலிருந்தே வெளியேற்றிவிடுகிறோம்.

வெளியே போக வேண்டாம், தொடருக்குள்ளேயே சாட்சி இருக்கிறது. டோபர்மன் செத்து நான்கு மாதத்துக்குள், 1968 ஜனவரியில், 'தி எனிமி ஆஃப் தி வேர்ல்ட்' என்ற கதையில் ஃபரியா வருகிறாள். சலமாண்டர் என்கிற சர்வாதிகாரியின் உணவை, விஷம் இருக்கிறதா என்று முதலில் தின்று பார்க்க வேண்டிய வேலை அவளுக்கு. நடித்தவர் கயானாவில் பிறந்த கார்மென் மன்ரோ. அவளும் வேலைக்காரிதான். ஆனால் அந்த வேலைக்குத் தான் எப்படி வந்து சேர்ந்தோம் என்பது அவளுக்குத் தெரியும், கசப்பும் கிண்டலுமாக அதைப் பேசுகிறாள், எஜமானனுக்கு எதிரான ஆதாரத்தைக் கையில் வைத்திருக்கிறாள். சுடப்பட்டுச் சாகிற நேரத்தில்கூட மிரட்டுகிறவனுக்கு அவள் பணிவதில்லை. இதே பி.பி.சி., இதே டாக்டர், இதே சீசன். அப்படி எழுத முடிந்திருக்கிறது. அப்படியென்றால் டோபர்மனை எழுதியது காலமல்ல, எழுதியவர்கள்.

ஃபரியா சாகிற நான்காம் எபிசோடு ரொம்ப காலம் ஒலியாக மட்டுமே இருந்தது. நைஜீரியாவின் ஜோஸ் நகரத்து ஒளிபரப்பு நிலையம் ஒன்றிலிருந்து மீட்கப்பட்டதாக, வேறு எபிசோடுகளோடு சேர்த்து, 2013 அக்டோபரில் அறிவித்தார்கள். ரசிகர்களின் சப்பைக்கட்டை உடைக்கிற சாட்சியை ரசிகர்களின் தேடல்தான் வெளியே கொண்டுவந்தது. அதனால்தான் ரசிகனைக் கைவிட எனக்கு மனசு வரவில்லை. டோபர்மன் வருகிற காட்சிகளை வெட்டிவிடலாம் என்கிறவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. வெட்டியெறிவதை பி.பி.சி. ஏற்கெனவே செய்து பார்த்துவிட்டது.

இன்னொன்று உறுத்திக்கொண்டே இருக்கிறது. இந்தச் சுருள்கள் கிடைத்த இடங்களைப் பாருங்கள்: ஹாங்காங், நைஜீரியா, வேறு சில எபிசோடுகள் சைப்ரஸிலிருந்து. சாம்ராஜ்யம் போன வழியிலேயே ஃபிலிம் பெட்டியும் போயிருக்கிறது. மூட்டை தூக்குகிறவனாகவும் சதிகாரனாகவும் யாரைத் திரையில் காட்டினார்களோ அவர்கள் ஊர் அலமாரிகளில் அவை பத்திரமாக இருந்தன. 1992இல் கேசட்டைப் போட்டுப் பார்த்த ஆங்கிலேய ரசிகனின் ஏமாற்றத்தைப் பற்றிப் பக்கம் பக்கமாகப் படித்திருக்கிறேன். ஹாங்காங்கிலும் நைஜீரியாவிலும் வீட்டு டி.வி. முன்னால் உட்கார்ந்து இவற்றைப் பார்த்தவர்கள் என்ன நினைத்தார்கள் என்று நான் படித்த எதிலும் ஒரு வரி இல்லை.