தொகுத்தோரும் விடுபட்டோரும்

தொகை நூல்களால் வாழ்ந்த மொழி நமது. புலவர் பாடினர், தொகுத்தோர் தேர்ந்தனர், தொகுப்பித்தோர் ஆதரித்தனர். அகநானூற்றைத் தொகுத்தவர் உருத்திரசன்மர் என்றும், தொகுப்பித்தவன் பாண்டியன் உக்கிரப்பெருவழுதி என்றும் ஏடுகள் குறித்து வைத்துள்ளன. பாடியவர் யார் என்பதோடு அமையாது, தேர்ந்தவர் யார் என்பதும் அறியத்தக்கதே என நம் முன்னோர் கருதினர் போலும். இந்த அளவுகோலைக் கையிற் கொண்டு, நமக்கு மிக அண்மைக் காலத்ததாகிய ஒரு தொகைக் கலையை நோக்குவோம். 1990களிலே பிரித்தானியாவில் எழுந்த கிற்றார் பொப் இசையும், அதனை இன்றுவரை நினைவில் நிறுத்திவரும் இறுவட்டுத் தொகுப்புகளுமே இங்கு நாம் கருதும் பொருள்.

'பிரிட்பொப்' என்று பத்திரிகைகள் பெயரிட்ட அவ்விசையின் பொற்காலம் நீண்டதன்று. 1993இல் 'சுவேட்' குழுவின் முதல் இசைத்தொகுதி வெளிவந்தது. 1994இல் 'பிளர்' குழுவின் 'பார்க்லைப்' தொகுதியும், மஞ்செஸ்டர் நகரத்து 'ஒயேசிஸ்' குழுவின் முதல் தொகுதியும் வந்தன. 1995 ஓகஸ்ட் 14ஆம் திகதி பிளரும் ஒயேசிசும் ஒரே நாளில் தத்தம் தனிப்பாட்டுகளை வெளியிட்டு மோதிக்கொண்டன. பிளரின் இசைத்தட்டு 2,74,000 பிரதிகளும், ஒயேசிசின் இசைத்தட்டு 2,16,000 பிரதிகளும் விற்பனையாயின. ஓராண்டு கழிந்து, 1996 ஓகஸ்டில், நெப்வேர்த் மைதானத்தில் இரண்டு இரவுகளில் 2,50,000 பேர் ஒயேசிசைக் கேட்கத் திரண்டனர். 1997 ஓகஸ்டில் அக்குழு வெளியிட்ட மூன்றாவது தொகுதியோடு அலை வற்றத் தொடங்கியது. எண்ணிப் பார்த்தால் ஐந்தாண்டுகள்கூட நிறையவில்லை.

இந்த ஐந்தாண்டுகளை மக்கள் எவ்வாறு நினைவில் வைத்துள்ளனர் என்று வினவினால், புகழ்பெற்ற தொகுதிகளின் பெயர்களையே திறனாய்வாளர் எடுத்துரைப்பர். ஆனால், அன்று பள்ளி மாணவராயிருந்த பலருடைய வீட்டு அலுமாரியில் இருந்தது வேறு. பலருடைய பாட்டுகளை ஒன்றாகக் கட்டித் தந்த தொகுப்பு இறுவட்டு அது. நாற்பது தனிப்பாட்டுகளை வாங்கக் கைப்பணம் இல்லாதவனுக்கு, ஒரு விலையில் நாற்பதும் கிடைத்தன. வானொலியிற் கேட்டுப் பெயர் தெரியாதிருந்த பாட்டு, பெயரோடு கைக்கு வந்தது.

இவ்வணிகம் அக்காலத்திற் புதிதாகப் பிறந்ததன்று. 1972இல் கே-டெல் என்னும் கனேடிய நிறுவனம், தொலைக்காட்சி விளம்பரத்தின் துணையோடு இருபது பாட்டுத் தொகுப்பைப் பிரித்தானியாவில் விற்று வெற்றி கண்டது. 1983இல் வேர்ஜின், ஈ.எம்.ஐ. ஆகிய நிறுவனங்கள் இணைந்து 'நௌ' தொடரைத் தொடங்கின; அதன் முதல் வெளியீட்டில் 30 பாட்டுகள் இருந்தன. தொகுப்புகள் விற்பனைப் பட்டியலின் உச்சியைப் பலமுறை பிடித்துக்கொண்டமையால், 1989 ஜனவரியில் அவற்றுக்கெனத் தனிப்பட்டியலே வகுக்கப்பட்டது. கிற்றார் இசை எழுந்தபோது, அதற்கெனவும் தொகுப்புகள் எழுந்தன. 1995இல் 'ஷைன்' என்னும் தொடர் தோன்றியது. அதே ஆண்டில் 'உலகிலேயே என்றென்றைக்கும் மிகச் சிறந்த தொகுதி' எனப் பொருள்படும் பெயருடன் இன்னொன்றும் வந்தது. மிகச் சிறந்தது ஒன்றாகத்தானே இருத்தல் வேண்டும்? ஆயினும் அதற்கு இரண்டாம் பாகமும் மூன்றாம் பாகமும் தொடர்ந்து வந்தன. வணிகரின் உயர்வு நவிற்சிக்கு இலக்கணம் ஏது!

இத்தொகுப்புகளை இழித்துரைப்பது எளிது. ஆனால் அவை செய்த நன்மை சிறிதன்று. இறுவட்டில் அரசனும் இல்லை, குடியானவனும் இல்லை. நெப்வேர்த்தை நிறைத்தவர்க்கும் நான்கு நிமிடம். ஒரு பாட்டுடன் மறைந்தவர்க்கும் நான்கு நிமிடம். தாம் ஆண்ட சொற்றொடரே பெயராக நின்றுவிட்ட புலவர்கள் குறுந்தொகையில் உளர் அல்லவா? அவ்வாறே, ஒரு பாட்டாலன்றி வேறெதனாலும் அறியப்படாத குழுக்கள் பலவற்றை இத்தொகுப்புகள் காத்துத் தந்தன.

அதே வேளையில், காக்கும் கையே வெட்டும் கையாகவும் அமைந்தது. ஒரு பாட்டைத் தொகுப்பிற் சேர்க்க உரிமையாளரின் இசைவு வேண்டும். அவர் மறுத்தால், அல்லது கேட்கும் தொகை கட்டாவிடில், அப்பாட்டு வெளியே நிற்கும். கேட்பவனோ, இல்லாததை இல்லை என்று அறியான். இடமும் அளவுடையது, ஓர் இறுவட்டு ஏறத்தாழ 74 நிமிடமே கொள்ளும். எனவே, வானொலிக்கெனச் சுருக்கப்பட்ட வடிவங்கள் தொகுப்போருக்கு வாய்ப்பாயின.

இதனால் நேரும் இழப்புக்கு ஓர் எடுத்துக்காட்டுப் போதும். ஷெபீல்ட் நகரத்தில் 1978இல் தோன்றி, பதினேழு ஆண்டுகள் காத்திருந்து புகழ் கண்ட குழு 'பல்ப்'. 1995இல் வந்த அவர்களுடைய 'கொமன் பீப்பிள்' என்னும் பாட்டு, வறியவரைப் போல வாழ்ந்து பார்க்க ஆசைப்படும் செல்வந்தப் பெண்ணொருத்தியை நோக்கி ஜார்விஸ் கொக்கர் பாடுவது. வேண்டும்போது வீடு திரும்பக்கூடியவளுக்கு வறுமை ஒரு வேடிக்கை. திரும்ப வழியற்றவனுக்கு அதுவே வாழ்வு. முழு வடிவம் ஏறத்தாழ ஆறு நிமிடம். வானொலிக்கான வடிவில் அறுபட்டது எது? சினம் உச்சம் பெறும் பகுதியே! சுருக்கத்தை மட்டும் கேட்டு வளர்ந்தவர்க்கு அது துள்ளலான ஆடற்பாட்டு. முழுமையைக் கேட்டவர்க்கு அது வர்க்கத்தின் குரல். நினைவின் இனிமை எதனை விலையாகக் கேட்கிறது என்பதை இந்த இரண்டு நிமிட வேறுபாடு காட்டுகிறது.

எனினும், தொகுப்பென்பது விற்பனைச் சரக்காகவே இருத்தல் வேண்டும் என்ற விதி இல்லை. அதே 1995இல், பிளர்–ஒயேசிஸ் பூசல் நடந்து மூன்று கிழமைகளே கழிந்த நிலையில், பொஸ்னியப் போரிற் சிக்கிய சிறுவர்க்கு உதவும் பொருட்டு 'வோர் சைல்ட்' என்னும் அமைப்புக்காக 'ஹெல்ப்' என்ற தொகுப்பு உருவாயிற்று. செப்டெம்பர் 4ஆம் திகதி ஒரே நாளிற் பாட்டுகளைப் பதிவு செய்வது ஏற்பாடு. 9ஆம் திகதி தொகுப்பு கடைகளுக்கு வந்துவிட்டது. ஒன்றையொன்று ஏசிய அவ்விரு குழுக்களும் அதில் இடம்பெற்றன. 10 இலட்சம் பவுணுக்கும் மேலாக நிதி சேர்ந்தது. மறு ஆண்டு மேர்க்குரி விருதுக்கான இறுதிப் பட்டியலிலும் அது இடம்பெற்றது. விருதைப் பெற்ற பல்ப் குழுவினரோ, பரிசுப் பணத்தை அந்த அமைப்புக்கே வழங்கினர். தொகுத்தோர் யார், எதற்காகத் தொகுத்தனர் என்ற வினாவுக்கு இதனினும் தெளிவான விடை வேண்டுமோ?

பிற்காலத் தொகுப்புகளிலும் இவ்வேறுபாட்டைக் காணலாம். பெரும்பாலானவை அதே இருபது முப்பது பாட்டுகளை மாற்றி மாற்றி அடுக்குகின்றன. ஆனால் 2020இல் மார்ட்டின் கிறீன் என்பவர் தொகுத்த 'சுப்பர் சொனிக்ஸ்', பலரும் மறந்துவிட்ட 40 பாட்டுகளைத் தேடி எடுத்தது. முன்னது பழகிய முகத்தையே மீண்டும் காட்டும் கண்ணாடி. பின்னது மூடிக் கிடந்த அறையைத் திறந்துவிட்ட செயல்.

தொகுப்பின் அட்டைக்குள் அடங்காத வரலாறும் உண்டு. அதில் ஓர் இழை நம் யாழ்ப்பாணத்தையும் தொட்டுச் செல்கிறது. அக்காலத்தின் முன்னணிக் குழுக்களுள் ஒன்று, ஜஸ்டின் பிரிஷ்மன் தலைமை தாங்கிய 'இலாஸ்டிக்கா'. 2000இல் வந்த அதன் இரண்டாவது தொகுதிக்கு அட்டை வரைந்தவர் மாதங்கி அருள்பிரகாசம். இலண்டனிற் பிறந்து, யாழ்ப்பாணத்திற் சிறுபருவத்தைக் கழித்து, போரினால் மீண்டும் இலண்டனுக்கு அகதியாகச் சென்ற தமிழ்ப் பெண் அவர். 'எம்.ஐ.ஏ.' என்ற பெயரில் 2003இல் அவர் வெளியிட்ட 'கலாங்' பாட்டின் ஆக்கத்தில் பிரிஷ்மனும், பல்ப் குழுவின் ஸ்டீவ் மக்கியும் பங்குகொண்டனர். அப்பாட்டிற் கிற்றார் இசையின் சாயல் இல்லை. பிரிட்பொப் தொகுப்பிற் சேர்க்கவும் இயலாது. ஆயினும் அந்தக் காலம் ஈன்ற பிள்ளைகளுள் அதுவும் ஒன்று. தொகுப்பு ஒரு காலத்தை 1997இல் முடித்து மூடிவிடுகிறது. வாழ்வு அவ்வாறு மூடுவதில்லை.

2023இல் பிளர் வெம்பிளி அரங்கிற் பாடியது. 2009இற் பிரிந்த ஒயேசிஸ் 2025 ஜூலையில் கார்டிவ் நகரில் மீண்டும் மேடையேறியது. அன்றைய மாணவர் இன்று தம் பிள்ளைகளைக் கையிற் பிடித்து அழைத்துச் செல்லும் பருவத்தினர். இறுவட்டுகளோ பெட்டிகளில் உறங்குகின்றன. தொகுக்கும் தொழிலை இணையவழி இசைச் சேவைகளின் கணிப்பொறிகள் ஏற்றுக்கொண்டன. முன்னர்த் தொகுத்தவனை ஏசவாவது ஒரு பெயர் அட்டையிற் கிடைத்தது. இப்போது உருத்திரசன்மரும் இல்லை, உக்கிரப்பெருவழுதியும் இல்லை.

கடந்த காலத்தை விரும்புதல் குற்றமன்று. ஆனால், நம் கையிலுள்ள தொகுப்பே அக்காலம் முழுவதும் என எண்ணிவிட்டால், பாடியும் விடுபட்டோர்க்கு நாம் இரண்டாம் முறை தீங்கு செய்தவராவோம். தொகுப்பைக் கேட்டு மகிழ்ந்த பின்னர், அதிற் சுருங்கிக் கிடக்கும் ஒரு பாட்டின் முழு வடிவத்தையேனும் தேடிக் கேட்பது நன்று. அந்த இரண்டு நிமிடங்களிலேதான் அக்காலத்தின் உண்மைக் குரல் ஒளிந்திருக்கவும் கூடும்.