ஒரு தாள் கனம்

கல்யாணப் பத்திரிகையின் தலையில் பிள்ளையார் படம் போட, பழைய அச்சகங்களில் 'பிளாக்' வைத்திருப்பார்கள். படத்தை அரித்தெடுத்த துத்தநாகத் தகட்டை மரக்கட்டையின் மேல் ஆணியடித்தது. ஈய எழுத்தின் உயரம் 0.918 அங்குலம், அதாவது 23.32 மில்லிமீட்டர். கட்டையும் தகடும் சேர்ந்து அதே உயரம் வர வேண்டும். குறைந்தால் தும்பிக்கை பாதிதான் விழும். மரம் ஈரத்தில் ஊதும், வெயிலில் சுருங்கும். மெஷின்மேன் அடியில் ஒரு துண்டுக் காகிதத்தை ஒட்டிச் சரிக்கட்டுவார்.

இன்று அடானா 8x5 போன்ற கைப்பிடி மெஷினை வீட்டு மேசையில் வைத்து அச்சடிப்பவர்கள் பெரும்பாலும் பாலிமர் பிளேட்டைத்தான் நாடுகிறார்கள். ஃபிலிமின் வழியே புறஊதா ஒளி பட்ட இடம் இறுகிவிடும். படாத இடம் தண்ணீரில் கரைந்து போகும். எந்த எழுத்தும் எந்தப் படமும் இப்படி வரும். ஆனால் பிளேட்டின் கனம் 1.52 மில்லிமீட்டர், அல்லது 0.95. மீதி உயரத்தைத் தருவதுதான் பேஸ்.

கணக்கு எளிது. 1.52 பிளேட், ஒட்டும் படலம் 0.13, ஆக பேஸ் 21.67. காந்த பேஸ் என்றால் இரும்பு முதுகுள்ள பிளேட் தானே பிடித்துக்கொள்ளும், ஒட்டும் படலம் கிடையாது, அந்த 0.13-ஐயும் பேஸே தர வேண்டும். ஜெராக்ஸ் தாளின் கனமே சுமார் 0.1தான். இந்தக் கணக்கைப் பார்க்காமல் ஒன்றுக்கு வாங்கிய பேஸில் மற்றதை வைத்தால் அச்சு மங்கும், இல்லாவிட்டால் தாள் கிழியும். ஆகவே முதலில் பிளேட்டை முடிவு செய்யுங்கள், பேஸை அப்புறம்.

சிறிய மெஷினுக்குக் கனமான பிளேட்டே நல்லது என்பேன். ரோலரின் உயரத்தை நினைத்தபடி திருத்த முடியாத மெஷின்கள் இவை. மெல்லிய பிளேட்டில் எழுத்துக்கும் தரைக்கும் இடைவெளி குறைவு. ரோலர் சற்றே தாழ்ந்தாலும் தரையில் மை பூசி, தாளில் கறையாக வந்து நிற்கும்.

அச்சை இறுக்கிப் பிடிக்கும் சட்டமான செஸ் முழுவதையும் அடைக்கும் பேஸ் வேண்டாம். இறுக்கும் கட்டைகளுக்கும் ஆப்புக்கும் இடம் வேண்டுமே! தாளை நிறுத்தும் ஊசிகளையும் மறக்கக் கூடாது. 21.67 பேஸுக்கும் தாள் தாங்கும் பரப்புக்கும் நடுவே 1.65 மில்லிமீட்டர்தான், அதைவிட உயர்ந்து நிற்கும் ஊசி, அழுத்தம் விழும்போது பேஸில் மோதி நசுங்கும். அச்சடிக்கும் அட்டையைவிடப் பேஸ் சிறியதாக இருந்தால் இந்தத் தொல்லையே இல்லை. விசிட்டிங் கார்டுக்கு அது நடக்காது. அங்கே உயரம் குறைந்த நிறுத்திகளைத்தான் தேட வேண்டும்.

பொருளைப் பொறுத்தவரை மர அட்டை மலிவு, பழைய பிளாக்கின் வியாதி அதற்கும் உண்டு. நேர்த்தியாக மட்டம் செய்த அலுமினியம் ஊதுவதில்லை. 15x10 சென்டிமீட்டர் கட்டி ஒரு கிலோகூட வராது. மேலே கட்டம் வரைந்தது கிடைத்தால் வாங்குங்கள். இரண்டாம் வண்ணத்தின் பிளேட்டை முதல் வண்ணத்தோடு பொருத்தும்போது அந்தக் கோடுகளைத்தான் கண் தேடும்.