வீடு ஏலத்துக்குப் போகும் முன் நம் கையில் இருக்கும் நாட்கள்



வங்கிக்காரர்கள் கதவில் நோட்டீஸ் ஒட்டிவிட்டுப் போன பிறகுதான் வீட்டுக்கடன் பிரச்சினையோடு எங்களிடம் ஆள் வருகிறார்கள். அதற்குள் முதல் தவணை தவறி ஏழெட்டு மாதம் ஓடியிருக்கும். பதிவுத் தபாலில் வந்த கவர்கள் பீரோ மேலே பிரிக்காமல் கிடக்கும். சபரில் இருக்கும் கணவருக்கு மனைவி சொல்லியிருக்க மாட்டார், அல்லது வேலை போனதை கணவர் மனைவியிடம் சொல்லியிருக்க மாட்டார். ஊருக்குத் தெரிந்தால் மானம் போகும் என்ற பயம்தான் காரணம். பெண்ணுக்கு வரன் பார்க்கும் வீடாக இருந்தால் அந்தப் பயம் இரண்டு மடங்கு.

வட்டிக்குக் கடன் வாங்கியது சரியா என்ற பேச்சை இங்கே நாங்கள் எடுக்கவில்லை. ஹஜ்ரத்மார்கள் அதை மிம்பரில் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்கள். வாங்கியாகிவிட்டது, கட்ட முடியவில்லை, இனி என்ன என்பதுதான் இந்தக் கட்டுரை. சுருக்கமாகச் சொன்னால், வீட்டை விற்றுத்தான் ஆகவேண்டும் என்றால் வங்கி விற்பதற்கு முன் நாமே விற்க வேண்டும். அதற்கான நாட்கள் பலர் நினைப்பதைவிடக் குறைவு.

சட்டம் ஓடும் வேகம்

தவணை 90 நாட்களுக்கு மேல் நிலுவையில் இருந்தால் அந்தக் கடனை வங்கி வாராக்கடன் என்று குறித்துவிடும். அதன் பிறகு ஒரு தவணை, அரைத் தவணை என்று கட்டிக் கணக்கைச் சரிசெய்ய முடியாது. 2021 நவம்பரில் ரிசர்வ் வங்கி சொன்னபடி, அசலும் வட்டியுமாக நிலுவை முழுவதையும் கட்டினால்தான் கணக்கு பழைய நிலைக்குத் திரும்பும். எனவே முதல் மூன்று மாதம் மிக முக்கியம். கடன் காலத்தை நீட்டித் தவணையைக் குறைக்கச் சொல்லிக் கேட்கும் மனுவை அந்த மூன்று மாதத்துக்குள் கொடுப்பது நல்லது. எழுத்தில் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். மேலாளரிடம் வாயால் சொன்னது அவர் மாற்றலாகிப் போனதும் போய்விடும்.

வாராக்கடன் ஆன பிறகு வருவது 2002-ஆம் ஆண்டின் சர்ஃபாசி சட்டம். நீதிமன்றத்துக்குப் போகாமலேயே அடமானச் சொத்தை எடுத்து விற்கும் அதிகாரத்தை அது வங்கிக்குத் தருகிறது. கூட்டுறவு வங்கிகளுக்கும் அது பொருந்தும் என்று உச்ச நீதிமன்றம் 2020 மே மாதம் தீர்ப்பளித்தது. முதலில் 13(2) பிரிவின்கீழ் நோட்டீஸ் வரும். முழுப் பாக்கியையும் கட்ட 60 நாள் அவகாசம். ஜாமீன் போட்டவருக்கும் அதே நோட்டீஸ் போகும். மச்சானுக்காகக் கையெழுத்துப் போட்டவர்கள் இதை நினைவில் வையுங்கள். இந்த 60 நாளுக்குள் உங்கள் ஆட்சேபத்தை எழுதிக் கொடுத்தால் வங்கி 15 நாளுக்குள் பதில் சொல்லியாக வேண்டும். கணக்கில் கூடுதல் கட்டணம் ஏற்றியிருந்தாலும், கட்டிய பணம் வரவாகாமல் இருந்தாலும் சொல்வதற்கு இதுதான் இடம்.

60 நாள் முடிந்ததும் சுவாதீன அறிவிப்பு வரும். கதவில் ஒட்டுவார்கள், இரண்டு நாளிதழ்களில், அதில் ஒன்று தமிழில், விளம்பரம் வரும். இது பெரும்பாலும் காகித அளவிலான சுவாதீனம்தான். அன்றே யாரும் வெளியேற்ற மாட்டார்கள். ஆளை வெளியேற்றிப் பூட்டுப் போட மாவட்ட ஆட்சியர் அல்லது தலைமைக் குற்றவியல் நடுவரின் உத்தரவு வாங்க வேண்டும். இந்த நடவடிக்கையை எதிர்க்க விரும்பினால் 45 நாளுக்குள் மதுரையில் உள்ள கடன் வசூல் தீர்ப்பாயத்துக்குப் போகவேண்டும். உரிமையியல் நீதிமன்றத்தில் தடை வாங்கித் தருகிறேன் என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். வங்கியின் இந்த நடவடிக்கையில் தலையிட அந்த நீதிமன்றத்துக்கு அதிகாரமில்லை என்று சட்டத்தின் 34-வது பிரிவே சொல்கிறது.

அடுத்து ஏல அறிவிப்பு. பலர் ஏமாந்துபோவது இங்கேதான். முன்பெல்லாம் ஏல நாள் வரை முழுப் பணத்தையும் கட்டி வீட்டை மீட்கலாம் என்று இருந்தது. 2016-இல் சட்டம் திருத்தப்பட்டது. ஏல அறிவிப்பு வெளியாகும் நாளோடு அந்த மீட்பு உரிமை முடிந்துவிடுகிறது என்று 2023 செப்டம்பரில் செலிர் - பாஃப்னா மோட்டார்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் உறுதிப்படுத்தியது. ஏலத்துக்கு இன்னும் முப்பது நாள் இருக்கிறதே, அதற்குள் புரட்டிவிடலாம் என்று உட்கார்ந்திருக்க முடியாது. ஏலத்தில் ஆள் வராமல் போனால் வங்கி மறுபடி பேச்சுக்கு வரலாம். ஆனால் அது அவர்கள் விருப்பம், நம் உரிமையல்ல.

சில கடன்களுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. பாக்கி ஒரு லட்சத்துக்கு மேற்படாத கடன், விவசாய நிலத்தின் மேல் உள்ள அடமானம், அசலும் வட்டியும் சேர்ந்ததில் 20 சதவீதத்துக்கும் குறைவாகவே பாக்கி நிற்கும் கடன் ஆகியவை அவற்றில் சில. முக்கால்வாசிக்கு மேல் கட்டி முடித்தவர்கள் பயந்து கையெழுத்துப் போடும் முன் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

வங்கிக்கு வீடு வேண்டாம், பணம்தான் வேண்டும்

நம் செட்டிநாட்டுக்கு இது பழைய பாடம். கீழ் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் 1930-இல் நகரத்தார் கையில் இருந்த நிலம் சுமார் 6 சதவீதம். 1938-இல் அது 25 சதவீதம். உலகப் பொருளாதார வீழ்ச்சியில் நெல் விலை சரிந்தது, விவசாயிகளால் கடன் கட்ட முடியவில்லை, அடமான நிலம் கைமாறியது. கொடுத்தவர்களுக்கு வேண்டியிருந்தது பணம். கிடைத்தது வாங்க ஆளில்லாத வயல். பிறகு ஜப்பானியப் படையெடுப்பும் நில தேசியமயமும் வந்தபோது அதுவும் போயிற்று.

வங்கி மேலாளரின் நிலையும் கிட்டத்தட்ட அதுதான். ஏலத்துக்கு மதிப்பீட்டாளர் வைத்து அடிப்படை விலை குறிக்க வேண்டும், விளம்பரம் கொடுக்க வேண்டும், ஆள் வராவிட்டால் விலையைக் குறைத்து மறுபடி விளம்பரம். வழக்கில் சிக்கிய வீடு என்று வாங்குபவர் பயப்படுவார். ஆகவே "நானே ஆள் பார்த்து விற்கிறேன், பணம் நேராக உங்கள் கணக்குக்கு வரும், மூன்று மாதம் பொறுங்கள்" என்று எழுத்தில் கேட்டால் காதுகொடுத்துக் கேட்க வங்கிக்குக் காரணம் இருக்கிறது.

கணக்கைப் பாருங்கள். ஒரு வீட்டின் சந்தை விலை 35 லட்சம், கடன் பாக்கி 15 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். அவசரத்தில் 32 லட்சத்துக்கு நீங்களே விற்றாலும் 17 லட்சம் மிஞ்சும். ஒரு வருடம் தள்ளிப்போட்டு, பாக்கி வட்டியும் செலவுமாக 17.5 லட்சம் ஆகி, ஏலத்தில் 25 லட்சத்துக்குப் போனால் மிஞ்சுவது 7.5 லட்சம். ஏலப் பணத்தில் கடன் போக மீதியை வங்கி திருப்பித் தந்தாக வேண்டும் என்பது சட்டம். அதைக் கேட்டு வாங்கத் தவறாதீர்கள். ஏலத் தொகை போதாவிட்டால் குறைக்கும் தொகையை உங்களிடம் வசூலிக்கவும் வங்கிக்கு உரிமை உண்டு. வீடும் போய் கடனும் மிஞ்சுவது அப்படித்தான்.

ஒருமுறைத் தீர்வு என்று பாக்கியில் ஒரு பகுதியைத் தள்ளுபடி செய்து முடிப்பதும் உண்டு. கேட்கலாம். ஆனால் அதை உரிமையாகக் கோர முடியாது என்று 2021 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சிபில் அறிக்கையிலும் அது பல வருடம் நிற்கும்.

விற்க முடியாமல் இழுப்பது எது

பல வீடுகளில் விலையைவிடக் கையெழுத்துதான் சிக்கல். நம் பக்கத்துப் பெரிய வீடுகளைப் பாருங்கள். ஒரு வீட்டுக்குப் பங்காளிகள் பெருகிப்போய், எல்லோரும் ஒத்துவராமல், கடைசியில் தூணும் நிலைக்கதவும் தனித்தனியாகக் கழன்று காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருக் கடைகளில் நிற்கின்றன. நம் வீடுகள் சிறியவை, சிக்கல் ஒன்றுதான். வாப்பா மௌத்தாகி இருபது வருடம் ஆகியிருக்கும், பட்டா அவர் பெயரிலேயே இருக்கும். ஷரீஅத்படி மகள்களுக்கும் பங்கு உண்டு, உம்மாவுக்கும் உண்டு. அவர்கள் விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுக்கவில்லை என்றால் வாங்குபவர் பின்வாங்குவார், அது நியாயமும்கூட. கட்டிக்கொடுத்த தங்கச்சியிடம் கடைசி நிமிடத்தில் போய்க் கையெழுத்துக் கேட்டால் மனக்கசப்புதான் வரும். அவருடைய பங்குக்குப் பணம் கொடுத்தே வாங்க வேண்டும். "போட்டுக் கொடும்மா" என்று சும்மா வாங்குவது அவருடைய ஹக்கைப் பறிப்பது. வாரிசுச் சான்றிதழுக்கு இன்றே வட்டாட்சியர் அலுவலகத்தில் விண்ணப்பியுங்கள்.

சபரில் இருப்பவர் கையெழுத்து வேண்டுமென்றால் அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் பவர் பத்திரம் எழுதிச் சான்று வாங்கி அனுப்ப வேண்டும். அது இந்தியாவுக்கு வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் இங்கே முத்திரைத் தீர்வை செலுத்த வேண்டும். இதற்கே ஒன்றரை, இரண்டு மாதம் போய்விடும். 60 நாள் நோட்டீஸ் வந்த பிறகு தொடங்கினால் நேரம் போதாது.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. 13(2) நோட்டீஸ் வந்துவிட்டால் வங்கியின் எழுத்துபூர்வமான சம்மதம் இல்லாமல் வீட்டை விற்கவோ ஒத்திக்கு விடவோ கூடாது. நோட்டீஸை மறைத்து அட்வான்ஸ் வாங்குவது மோசடியில் கொண்டுபோய் விடும். சரியான வழி இது: வங்கியிடம் பாக்கித் தொகைக் கடிதமும் அவர்களிடம் உள்ள மூலப் பத்திரங்களின் பட்டியலும் வாங்கி, வாங்குபவரிடம் வெளிப்படையாகக் காட்டுங்கள். அட்வான்ஸை ரொக்கமாக வாங்காதீர்கள். 20,000 ரூபாயும் அதற்கு மேலும் ரொக்கமாக வாங்க வருமான வரிச் சட்டமும் விடாது. வாங்குபவர் நேராக உங்கள் கடன் கணக்கில் கட்டட்டும். அதைப் பார்த்தால்தான் அவருக்கும் நம்பிக்கை வரும். கடன் முடிந்ததும் வங்கி சார்பதிவாளர் அலுவலகத்தில் ரசீது ஆவணம் பதிந்து, வில்லங்கச் சான்றில் அடமானத்தை நீக்க வேண்டும். கடன் தீர்ந்து 30 நாளுக்குள் மூலப் பத்திரங்களைத் திருப்பித் தர வேண்டும். வங்கியின் தவறால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் ஈடு தர வேண்டும் என்பது 2023 டிசம்பர் முதல் ரிசர்வ் வங்கி விதி.

இந்த நேரத்தில்தான் தனியார் வட்டிக்காரர்கள் உதவிக்கு வருவதுபோல் வருவார்கள். "வங்கிப் பாக்கியை நான் அடைக்கிறேன், பேருக்குக் கிரயம் எழுதிக் கொடுங்கள், பணம் தந்ததும் திருப்பி எழுதித் தருகிறேன்" என்பார்கள். பேருக்கு எழுதும் கிரயம் என்று ஒன்று கிடையாது. பதிவானால் வீடு அவருடையது. வாய்ப்பேச்சை நிரூபிக்க உங்கள் ஆயுள் போதாது. பொது அதிகாரப் பத்திரம் கேட்பதும் இதே ரகம். மீட்டர் வட்டி, ரன் வட்டி என்று கசக்குபவர்கள்மேல் 2003-ஆம் ஆண்டின் கந்துவட்டித் தடைச் சட்டத்தின்கீழ் காவல் நிலையத்தில் புகார் கொடுக்கலாம். வங்கியின் வசூல் ஆட்கள் காலை 8 மணிக்கு முன்னும் இரவு 7 மணிக்குப் பின்னும் போன் செய்து மிரட்டக் கூடாது. மீறினால் முதலில் வங்கிக்கு எழுதுங்கள். 30 நாளில் தீர்வு இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். விவரத்துக்கு 14448.

ஜமாஅத்தில் வசதி உள்ளவர்களுக்கும் ஒரு வார்த்தை. அடுத்த வீடு ஏலத்துக்கு வரட்டும், மலிவாக எடுக்கலாம் என்று காத்திருப்பவர்கள் நம்மிலும் இருக்கிறார்கள். ஹனஃபி மத்ஹபில் அண்டை வீட்டாருக்கும் ஷுஃபா உரிமை உண்டு என்று படித்திருக்கிறோம். இங்கே நீதிமன்றத்தில் அதைக் கேட்டு வழக்காட முடியாது என்றாலும், விற்பவர் முதலில் பங்காளியிடமும் பக்கத்து வீட்டாரிடமும் சொல்வதும், அவர்கள் நியாய விலைக்கு எடுத்துக்கொள்வதும் நல்ல வழக்கம். கஷ்டத்தில் இருப்பவரிடம் கால் விலைக்குக் கேட்பது அதில் சேராது.

ஜகாத் பெறத் தகுதியான எட்டு வகையினரில் கடன்பட்டவரும் ஒருவர் என்று தவ்பா அத்தியாயத்தின் 60-வது வசனம் சொல்கிறது. அதைக் காட்டி வீட்டுக்கடன் தவணைக்கு உதவி கேட்டு வருகிறார்கள். வேலை திரும்பக் கிடைத்துவிட்டது, இரண்டு மூன்று மாத இடைவெளியை மட்டும் தாண்ட வேண்டும் என்றால் ஆலிம்களிடம் கேட்டு உதவுகிறோம். வருமானமே இல்லாத இடத்தில் மாதாமாதம் தவணை கட்டிக்கொண்டிருந்தால் ஏழைகளின் பணம் வட்டியில் கரையும், வீடும் நிற்காது. அங்கே வீட்டை விற்கவும், மிஞ்சிய பணத்தில் சிறியதாக ஒன்றை ஒத்திக்கோ வாடகைக்கோ பிடிக்கவும் உதவுவதே சரி என்பது எங்கள் முடிவு. இதில் எங்களோடு முரண்படுபவர்கள் இருக்கிறார்கள். பேசத் தயாராக இருக்கிறோம்.

வக்கீல் செலவுக்கு வழியில்லாதவர்கள் சிவகங்கை மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். பெண்களுக்கு வருமான வரம்பு இல்லாமலே இலவச சட்ட உதவி உண்டு. வெள்ளிக்கிழமைகளில் அஸருக்குப் பிறகு எங்கள் அலுவலகத்தில் கடன் பாஸ்புத்தகம், வந்த கடிதங்கள், பத்திர நகல், வில்லங்கச் சான்று ஆகியவற்றோடு வாருங்கள். பெண்கள் தனியாக வரத் தயங்கினால் மகளிர் குழுவிலிருந்து ஒருவர் வீட்டுக்கே வருவார். இந்தக் காரியத்துக்காக யார் வந்தார்கள் என்பதை எங்கள் வருகைப் பதிவேட்டில் பெயரோடு எழுதுவதில்லை.